அவன் ஏன் அழுதான்?
திரைப்படங்கள் காட்டும் நகரத்து விடலைப் பருவம்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்து கோயில் வாயிலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தயங்கியபடியே என்னிடம் வந்தார். முப்பது ஆண்டுகள் ஆசிரியப் பணி ஆற்றியவன் என்பதால், பிள்ளைகளைப் பற்றிய கவலைகளை என்னிடம் சொல்வது எங்கள் பங்கில் வழக்கம்.

"சார், நேற்று இரவு பெரியவன் ஏதோ ஓர் இந்திப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்தி தெரியாது. கீழே ஓடும் எழுத்தைப் படித்தபடியே பார்த்தான். தண்ணீர் குடிக்க எழுந்தவள் பார்க்கிறேன், கண்ணீர் விட்டு அழுதுகொண்டிருக்கிறான். என்னடா என்றேன். 'ஒன்றுமில்லை, நீங்கள் போய்த் தூங்குங்கம்மா' என்றான். அவன் அப்பா அடித்தபோதுகூட அழாத பிள்ளை சார் அவன். ஒரு படத்துக்கு ஏன் அழவேண்டும்?"

பையனுக்கு வயது 16. பள்ளி முடிந்ததும் மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குச் சென்று, இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்புகிறவன். தந்தை துறைமுகத்தில் மாற்றுமுறை வேலை பார்ப்பவர். அவர் வீட்டில் இருக்கும் நேரம் மகன் இருப்பதில்லை. மகன் இருக்கும் நேரம் அவர் உறங்குவார். "எந்தப் படம் அம்மா?" என்று கேட்டேன். "பெயர் தெரியாது சார். ஓர் அப்பா, பிள்ளையைத் தினமும் விடியற்காலையில் ஓடவைக்கிறார்" என்றார். படம் எதுவென்று புரிந்தது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அந்தத் தாயின் வினா என்னை விடவில்லை. நம் பிள்ளைகள் நம்மிடம் சொல்லாத எதைத் திரையில் காண்கிறார்கள்? நகரத்துப் பருவ வயதுப் பிள்ளைகளைச் சித்தரித்த சில நல்ல படங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். நாடு வேறு, மொழி வேறு, காலம் வேறு. ஆயினும் அவை அனைத்தும் ஒரே வினாவை எழுப்புவதாக எனக்குப் பட்டது: இந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்க இப்பெருநகரத்தில் பெரியவர் ஒருவரேனும் உண்டா?

முகத்துதி பாடும் படங்கள்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இளம்பருவத்தைக் காட்டும் படங்களெல்லாம் இளம்பருவத்தினருக்கு நன்மை செய்வன அல்ல. முப்பதைத் தாண்டிய நடிகர் பள்ளிச் சீருடை அணிந்து வருவார். 'வேண்டாம்' என்று சொல்லும் பெண்ணை விடாமல் பின்தொடர்வதே காதல் என்று காட்டப்படும். ஆசிரியர் என்றால் கோமாளி. தந்தை என்றால் பணம் தரும் பெட்டி. நட்பு என்றால் மதுப்புட்டி. இத்தகைய படங்கள் பருவ வயதினரைப் பற்றியன போலத் தோன்றினாலும், உண்மையில் அவர்களுடைய சட்டைப்பையைப் பற்றியனவே. 'நீ செய்வதெல்லாம் சரி' என்று முகத்துதி பாடும் அவற்றில், பிள்ளையின் உள்ளத்தைக் கேட்கும் செவி இல்லை.

வேறு வகைப் படங்களும் உண்டு. அவை பிள்ளையின் தவற்றை மறைப்பதில்லை. ஆனால் அத்தவற்றுக்கு முந்திய நாள் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் காட்டுகின்றன. பெற்றோராகிய நாம் காணவேண்டியவை இவையே.

ஒரே இரவில் மூன்று பிள்ளைகள்

1955-ஆம் ஆண்டு நிக்கலஸ் ரே என்னும் அமெரிக்க இயக்குநர் 'ரெபல் விதவுட் எ காஸ்' என்ற படத்தை அளித்தார். காரணமற்ற கலகக்காரன் என்பது பெயரின் பொருள். அதில் நாயகனாக நடித்த ஜேம்ஸ் டீன், படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 24-ஆம் வயதில் கார் விபத்தில் உயிர் நீத்தார்.

கதை லாஸ் ஏஞ்சலஸ் நகரக் காவல் நிலையம் ஒன்றில், நள்ளிரவில் தொடங்குகிறது. குடித்துவிட்டுத் தெருவில் கிடந்த ஜிம், வீட்டைவிட்டு வெளியேறி இரவில் அலைந்த ஜூடி, நாய்க்குட்டிகளைச் சுட்ட பிளேட்டோ ஆகிய மூவரும் அங்கே இருக்கிறார்கள். மூவருமே வறியவர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். நல்ல வீடு, கார், உடை, உணவு ஒன்றுக்கும் குறையில்லை. பிளேட்டோவின் தந்தை அனுப்பும் காசோலை தவறாமல் வருகிறது, தந்தை வருவதில்லை. ஜூடி வளர்ந்துவிட்டாள் என்பதற்காகவே தந்தை அவளை அணைத்துக்கொள்ள மறுக்கிறார். ஜிம்மின் தந்தை அன்பானவர். ஆனால் எதற்கும் ஒரு முடிவு சொல்ல அஞ்சுகிறவர்.

அந்நிலையத்தில் சிறார்களுக்கான அதிகாரி ஒருவர் ஜிம்மைத் தனியே அழைத்து, அவன் பேசுவதைக் கேட்கிறார். எந்நேரமானாலும் தன்னைத் தேடி வரலாம் என்கிறார். மறுநாள் இரவு, விபரீதமான கார்ப் பந்தயம் ஒன்றில் மாணவன் ஒருவன் இறந்துவிடுகிறான். உண்மையைக் காவலரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஜிம் துடிக்கிறான். 'நமக்கெதற்கு வம்பு?' என்று பெற்றோர் தடுக்கிறார்கள். அவர்களை மீறிக் காவல் நிலையத்துக்கு ஓடுகிறான். அந்த அதிகாரி அவ்வேளையில் அங்கில்லை.

இந்த ஒரு காட்சி போதும். நேர்மையாக நடக்கவே பிள்ளை விரும்புகிறான். அவனைத் தடுப்பது வீட்டின் கோழைத்தனம். கேட்பதாகச் சொன்ன ஒரே மனிதரும் கேட்கவேண்டிய நேரத்தில் இல்லை. விடிவதற்குள் பிளேட்டோவின் உயிர் போகிறது. அதன் பின்னரே ஜிம்மின் தந்தை தம் மேற்சட்டையைக் கழற்றி மகனுக்குப் போர்த்தி, உன்னோடு நிற்பேன் என்கிறார். அச்சொல் முந்திய மாலையே வந்திருக்கலாகாதா?

கடற்கரையில் நின்ற சிறுவன்

நான்கு ஆண்டுகள் கழித்து, 1959-இல், பாரிசு நகரிலிருந்து ஒரு படம் வந்தது. பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் '400 அடிகள்' என்று வரும். பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் அதற்குச் செய்யாத சேட்டையெல்லாம் செய்தல் என்று பொருள். இயக்கிய பிரான்சுவா த்ரூபோவுக்கு அப்போது வயது 27. அது பெரும்பாலும் அவருடைய சொந்த இளமைக் கதையே. பள்ளிக்கு மட்டம் போட்டுத் திரையரங்குகளில் ஒளிந்து வளர்ந்தவர் அவர். தந்தையாலேயே சிறார் காப்பிடத்தில் ஒப்படைக்கப்பட்டவர். அங்கிருந்து அவரை மீட்டு ஆளாக்கியவர் ஆந்த்ரே பஸான் என்னும் கத்தோலிக்கத் திரைப்பட விமர்சகர். படப்பிடிப்பு தொடங்கிய வேளையிலேயே பஸான் மறைந்தார். படம் அவருடைய நினைவுக்கே காணிக்கையாக்கப்பட்டது.

கதையில் வரும் அந்துவான் என்ற சிறுவனுக்கு வீட்டில் தனியறை இல்லை. வாயிலை ஒட்டிய இடுக்கில் உறங்குகிறான். தாய் கடுகடுப்பவள். வளர்ப்புத் தந்தை சிரித்துப் பேசுவார், பொறுப்பேற்க மாட்டார். கிராமத்தில் பையன் ஒருவன் பள்ளிக்குச் செல்லாமல் சுற்றினால் மாலைக்குள் செய்தி வீடு வந்து சேரும். பாரிசு போன்ற நகரிலோ ஆயிரம் கண்கள் அவனைக் காண்கின்றன; ஒரு கண்ணும் அவனை அறியாது. மட்டம் போட்ட அன்று, தெருவில் அவன் தன் தாயை வேறொருவர் அணைப்பில் காண்கிறான். அவளும் அவனைக் காண்கிறாள். இருவருமே அதைப் பற்றிப் பேசுவதில்லை. மறுநாள் வராததற்குக் காரணம் கேட்ட ஆசிரியரிடம், 'என் தாய் இறந்துவிட்டாள்' என்கிறான்.

அது பொய். ஆனால் அப்பொய்க்குள் எவ்வளவு பெரிய உண்மை அழுதுகொண்டிருக்கிறது! கேட்ட ஆசிரியருக்குத் தெரிந்தது பொய் மட்டுமே.

பின்னர் வளர்ப்புத் தந்தையின் அலுவலகத்திலிருந்து தட்டச்சுப் பொறி ஒன்றைத் திருடுகிறான். விற்க முடியாமல் அதைத் திருப்பி வைக்கச் சென்றபோது பிடிபடுகிறான். திருடும்போது அல்ல, திருப்பி வைக்கும்போது! பெற்றோரே அவனைக் காவலரிடம் ஒப்படைக்கிறார்கள். சீர்திருத்தப் பள்ளியில் உளநூல் அறிஞர் ஒருவர் அவனிடம் வினாக்கள் கேட்கிறார். திரையில் அவர் முகம் தெரிவதில்லை. குரல் மட்டுமே கேட்கிறது. சிறுவனின் முகத்தையே நாம் காண்கிறோம். தான் விரும்பப்படாமல் பிறந்த பிள்ளை என்பதும், பாட்டி தடுத்திராவிட்டால் பிறந்திருக்கவே மாட்டான் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று அங்கேதான் அறிகிறோம். படம் முழுவதிலும் அவன் மனம்விட்டு ஒரு பெரியவரிடம் பேசுவது அந்த ஓரிடத்தில்தான். கேட்டவர் பெற்றவர் அல்லர், ஆசிரியரும் அல்லர். முகமற்ற ஓர் அந்நியர்.

இறுதியில் அவன் அங்கிருந்து தப்பி ஓடுகிறான். அதுவரை கண்டிராத கடலை அடைகிறான். அதற்கு மேல் ஓட வழியில்லை. திரும்பி நம்மைப் பார்க்கிறான். படம் அப்படியே நின்றுவிடுகிறது.

திருட்டும் பொய்யும் பெற்றோரின் ஒழுக்கக்கேடும் நிறைந்த இக்கதையைக் கண்டு திருச்சபை முகம் சுளித்ததா? இல்லை. 1928-இல் தோன்றிய கத்தோலிக்க அனைத்துலகத் திரைப்பட நிறுவனம், 1959-ஆம் ஆண்டுக் கான் விழாவில் இப்படத்துக்குத் தன் விருதை அளித்தது. பாவத்தைக் காட்டும் படம் வேறு, பாவத்தை விற்கும் படம் வேறு என்பதை அந்நடுவர்கள் நன்கறிந்திருந்தனர்.

நம் சென்னையில்

தொலைதூர நகரங்களின் கதை நமக்கெதற்கு என்று எவரேனும் கேட்கலாம். நம் சென்னைக்கு வருவோம்.

பாலாஜி சக்திவேல் இயக்கி 2012-இல் வெளிவந்த 'வழக்கு எண் 18/9', அவ்வாண்டுக்கான சிறந்த தமிழ்ப்படம் என்னும் தேசிய விருதைப் பெற்றது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் பள்ளி மாணவி ஆர்த்தி. அங்கேயே வாழும், பணமும் செல்வாக்கும் உள்ள வீட்டுப் பையன் தினேஷ். நட்பாகப் பழகும் அவன், அவள் அறியாமல் கைப்பேசியில் அவளைப் படம் பிடிக்கிறான். அதை அறிந்தவள், தானே தனியாக அதை அழிக்க முனைகிறாள். அவனுடைய சினம் அமிலமாக அந்த வீட்டு வாயிலுக்கு வருகிறது. ஆர்த்திக்கென்று கொண்டுவந்த அமிலம், அவ்வீட்டில் வேலை செய்த ஏழைப்பெண் ஜோதியின் முகத்தில் விழுகிறது. பழியோ, நடைபாதை உணவுக்கடையில் உழைக்கும் வேலு என்ற ஏழை இளைஞன் தலையில் சுமத்தப்படுகிறது.

இப்படத்தைக் காணும் பெற்றோர் பலர், 'கைப்பேசிதான் எல்லாவற்றுக்கும் காரணம்' என்று முடித்துவிடுவர். கைப்பேசி ஒரு கருவியே. அதைப் பிடித்திருந்த கைக்கு, 'பெண் என்பவள் பொருள் அல்லள்' என்று அவ்வீட்டில் எவரும் சொல்லித்தரவில்லை. இன்னொரு வீட்டில், தனக்கு நேர்ந்ததைச் சொன்னால் பழி தன்மேலேயே விழுமோ என்று அஞ்சும் நிலையில் எத்தனை பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்! நம் மகளுக்கு இப்படி நேர்ந்தால் அவள் முதலில் ஓடிவருவது நம்மிடமா? இவ்வினாவுக்கு உறுதியாக 'ஆம்' என்று சொல்லக்கூடிய வீடே பாதுகாப்பான வீடு.

விஜய் மில்டன் இயக்கி 2014-இல் வெளிவந்த 'கோலி சோடா' வேறொரு சென்னையைக் காட்டுகிறது. கோயம்பேடு சந்தையில் மூட்டை சுமக்கும், தாய் தந்தையரற்ற நான்கு பையன்கள். அவர்களுக்குப் பயிற்சி நிலையமும் இல்லை, பட்டமும் இல்லை. அவர்களை அழுத்துவது வேறொன்று: 'நாம் யார்?' என்பதற்கு விடையில்லாமை. காய்கறிக் கடை நடத்தும் ஆச்சி ஒருவர்தான், இப்படியே மூட்டை தூக்கிக் காலத்தைக் கழித்துவிடப் போகிறீர்களா என்று அவர்களைக் கேட்கிறார். உணவகம் நடத்த வழி காட்டுகிறார். பிற்பகுதியின் அடிதடி நம் திரையுலகின் வழக்கமான மிகையே. ஆயினும், பெற்றெடுக்காத ஒரு பெண்மணியின் கேள்வி ஒன்று நான்கு பேரின் வாழ்வைத் திருப்பியதைக் காட்டியதற்காகவே இப்படத்தை நான் மதிக்கிறேன். நம் பங்கிலும் கடைகளிலும் பட்டறைகளிலும் உழைக்கும் பிள்ளைகள் உண்டு. ஞாயிறன்று அவர்களை நின்று விசாரிப்பவர் எத்தனை பேர்?

விடியற்காலை ஓட்டம்

இனி, அந்தத் தாயின் மகன் பார்த்த படம். அது விக்கிரமாதித்ய மோட்வானே இயக்கிய 'உடான்'. 2010-இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. பெயருக்குப் பறத்தல் என்று பொருள்.

சிம்லாவில் விடுதியில் தங்கிப் படித்த ரோகன் என்ற 17 வயது மாணவன், இரவில் வெளியேறித் தகாத படம் பார்த்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, உருக்காலை நகரமான ஜாம்ஷெட்பூரில் இருக்கும் தந்தையிடம் வருகிறான். எட்டு ஆண்டுகளாக மகனை வந்து காணாத தந்தை அவர். 'அப்பா' என்று அழைக்கக்கூடாது, 'சார்' என்றே அழைக்கவேண்டும். விடியற்காலையில் ஓடவேண்டும், பின்னர் அவருடைய பட்டறையில் உழைக்கவேண்டும், பொறியியல் படிக்கவேண்டும். ரோகனின் உள்ளமோ எழுத்தில் இருக்கிறது. அவன் எழுதிய கவிதைகள் தந்தையின் கையாலேயே நெருப்புக்கு இரையாகின்றன. ஆறு வயதுத் தம்பி ஒருவன் இருப்பதே அவனுக்கு அங்கு வந்த பின்புதான் தெரியும். தந்தை அடித்த அடியில் அத்தம்பி மருத்துவமனையில் கிடக்கிறான். படியிலிருந்து விழுந்தான் என்று வெளியே சொல்லப்படுகிறது.

ஆனால் அம்மருத்துவமனையில் ஓர் அழகிய காட்சி உண்டு. தம்பியின் படுக்கையருகே அமர்ந்து ரோகன் கதை சொல்கிறான். சுற்றிலுமுள்ள நோயாளிகளும் பணியாளரும் மெய்மறந்து கேட்கிறார்கள். அவனிடம் என்ன கொடை இருக்கிறது என்பதை முன்பின் அறியாதவர்கள் கண்டுகொள்கிறார்கள். பெற்ற தந்தைக்கு மட்டும் அது தெரியவில்லை. இறுதியில் மகன் ஓடத் தொடங்கும்போது தந்தை துரத்துகிறார். அவர் ஓடவைத்துப் பழக்கிய அதே கால்கள்! அவரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

இத்தந்தையைக் கொடியவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. தமக்குத் தெரிந்த ஒரே வழியில், 'மனிதனாக்குகிறேன்' என்ற நம்பிக்கையோடுதான் அவர் அதைச் செய்கிறார். கடன் வாங்கிப் பயிற்சிக் கட்டணம் கட்டும் நம் வீட்டுத் தந்தையரும் பகைவர் அல்லர். அவர்களுடைய அச்சம் நியாயமானது. ஆனால் அச்சம் மட்டுமே பேசும் வீட்டில் பிள்ளை பேசுவதை நிறுத்திவிடுகிறான். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. ஒவ்வொரு சாவுக்கும் காரணங்கள் பல இருக்கும்; ஒரே காரணத்தைச் சுட்டுவது தவறு. எனினும், பிள்ளையின் மௌனத்தை 'வயதுக் கோளாறு' என்று தள்ளிவிட எந்தப் பெற்றோருக்கும் உரிமையில்லை. மனம் உடைந்த நிலையில் பிள்ளை இருப்பதாகத் தோன்றினால், 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும். சிறாருக்கு 1098 உண்டு. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பெற்றோர் செய்யத்தக்கது

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றி வெளியிட்ட ஆணையேடு, தீமை பயக்கும் காட்சிகள் வீட்டுக்குள் நுழையாதவாறு காப்பது பெற்றோரின் பெருங்கடமை என்று கூறுகிறது. அக்கடமை இன்றும் நம்முடையதே. 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டத்தின்படி, பெற்றோர் துணையுடன் காணவேண்டிய படங்கள் 7, 13, 16 ஆகிய வயதுகளை ஒட்டி மூவகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சான்றிதழைப் பார்த்த பின்னரே படத்தைத் தெரிவு செய்யுங்கள். மேலே சொன்ன படங்களும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. பெரிய பிள்ளைகளோடு நாம் உடனமர்ந்து காணத்தக்கவை.

ஆனால் அதே ஆணையேடு, இளையோர் இச்சாதனங்களைப் பகுத்தறிந்து பயன்படுத்தப் பயிற்சி பெறவேண்டும் என்றும் சொல்கிறது. கதவைக் காப்பது பாதிக் கடமை. கதவுக்கு உள்ளே பேசுவது மறுபாதி. படம் முடிந்ததும் அறிவுரை தொடங்காதீர்கள். 'இந்தப் பையன் செய்தது உனக்குச் சரியாகப் படுகிறதா? அவன் அப்பா என்ன செய்திருக்கலாம்?' என்று கேளுங்கள். தன்னைப் பற்றிப் பேச நாணும் பிள்ளை, திரையில் வந்த பிள்ளையைப் பற்றித் தயங்காமல் பேசுவான். பேசுவது தன்னைப் பற்றியே என்பது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

இதையே அந்தத் தாயிடமும் சொன்னேன். மூன்று வாரங்கள் சென்று மீண்டும் சந்தித்தேன்.

"அவருக்கு விடுப்பு நாள் சார். அந்தப் படத்தைத் திரும்பப் போடச் சொன்னார். பாதியில் எழுந்து வெளியே போய் நின்றார். போய்விட்டார் என்றே நினைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து முழுதும் பார்த்தார். முடிந்ததும் வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு, 'நான் அப்படியாடா?' என்று கேட்டார்."

"பையன் என்ன சொன்னான்?"

"'சில நாள் அப்பா' என்றான், சார்."

"அவர் கோபித்துக்கொண்டாரா?"

"இல்லை சார். 'என்ன படிக்க ஆசை?' என்று கேட்டார். 'இன்னும் தெரியவில்லை' என்றான். சரி என்றார். பயிற்சிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் இரவு வேலை இல்லாத நாட்களில் அவரே வண்டியில் போய் அழைத்து வருகிறார். வழியில் இருவரும் ஒரு கடையில் நின்று டீ குடிக்கிறார்களாம். அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது."

அது தெரியவேண்டியதில்லை, அம்மா. பேசுகிறார்கள் அல்லவா? அது போதும்.